ஹார்ட் ஃபெயிலியர் உள்ளவங்களுக்கு வைட்டமின் வாங்குறதுக்கு முன்னாடி

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ்ல எந்த ஃபார்மசிக்குள்ள போனாலும் வைட்டமின் ஆஃபர்னு அடுக்கி வச்சிருப்பாங்க, இதயம் வீக்கா இருக்குற அப்பா அம்மாவுக்கு அப்படியே அள்ளிட்டு வந்துடாதீங்க. முதல்ல அவங்க சாப்பிடுற மருந்து எல்லாத்தையும் ஒரு பையில போட்டு ஃபார்மசிஸ்ட்கிட்ட காட்டுங்க.

பொட்டாசியம்தான் ரொம்ப முக்கியம். ஃப்ரூசிமைட் மாதிரி நீர் மாத்திரை பொட்டாசியம், மெக்னீசியம் ரெண்டையும் சிறுநீர்ல வெளியேத்திடும், ஆனா ஹார்ட் ஃபெயிலியருக்குக் குடுக்குற ஸ்பைரோனோலாக்டோன், பெரிண்டோபிரில் மாத்திரை எல்லாம் பொட்டாசியத்த உடம்புலயே தங்க வைக்கும், நிறைய பேர் ரெண்டு வகையும் சேர்த்துத்தான் சாப்பிடுறாங்க, அதனால ரத்த டெஸ்ட் பாக்காம சப்ளிமென்ட் வேணவே வேணாம், அளவு மீறினா இதயத் துடிப்பே தடுமாறும். "லோ சோடியம்" உப்பு பாக்கெட்டையும் திருப்பிப் பாருங்க, பொட்டாசியம் குளோரைடுன்னு போட்டிருந்தா அதுவும் இதே ஆபத்துதான். தண்ணில போட்டா நுரைக்கிற வைட்டமின் சி மாத்திரைல சோடியம் இருக்கும், தவிர்த்துடுங்க.

இரும்புச்சத்து கம்மின்னா மாத்திரையால பெருசா பலன் இல்லன்னு 2017ல வந்த ஆய்வு காட்டுச்சு, இவங்களுக்கு ரத்தக்குழாய் வழியா ஏத்துறதுதான் கைகொடுக்குது, டாக்டர்கிட்ட ஃபெரிட்டின் (உடம்புல சேர்த்து வச்சிருக்குற இரும்புச்சத்த காட்டுற) ரத்த டெஸ்ட் கேளுங்க. வைட்டமின் இ 400 யூனிட் தொடாதீங்க, 2005ல வந்த பெரிய ஆய்வுல அதச் சாப்பிட்டவங்களுக்குத்தான் ஹார்ட் ஃபெயிலியர் கூடுதலா வந்துச்சு. ரத்தம் உறையாம இருக்க வார்ஃபரின் மாத்திரை எடுக்குறவங்க வைட்டமின் கே கலந்த மல்டிவைட்டமின் ஆரம்பிக்கணும்னா முதல்ல கிளினிக்ல சொல்லிடுங்க.

வாங்குறப்ப பெட்டியில எம்ஏஎல் (MAL) நம்பரும், அதாவது மலேசிய அரசாங்கப் பதிவு எண்ணும், ஹாலோகிராம் ஸ்டிக்கரும் இருக்கான்னு பாருங்க, ஆன்லைன்ல மலிவா கிடைக்குதுன்னு பதிவில்லாதத வாங்காதீங்க.