நிழல் விழும் பக்கச் சந்துக்கு ஆழமாக வேர்விடும் செடிகள்: தேர்ந்தெடுக்கும் முறை

வடசென்னையின் தண்டையார்பேட்டை, பழைய வண்ணாரப்பேட்டைப் பக்கத்து வீடுகளில் தோட்டம் என்பது பெரும்பாலும் சுற்றுச்சுவருக்கும் வீட்டுச் சுவருக்கும் நடுவே மூன்றடி அகலத்தில் கிடக்கும் சந்துதான். கோடையில் இரண்டு நாள் தண்ணீர் விடாவிட்டால் மேல்மண் காய்ந்துவிடுவதால், வேர் கீழே இறங்கும் செடியைத் தேடுகிறோம். ஆனால் நிழலைத் தாங்கும் குணமும் ஆழமாக வேர்விடும் குணமும் ஒரே செடியில் எளிதில் அமைவதில்லை. வெயில் குறைந்தால் இலை தயாரிக்கும் உணவும் குறைகிறது. இருப்பதை இலைக்கும் தண்டுக்கும் செலவிடும் செடி, வேருக்குக் கொஞ்சமே ஒதுக்குகிறது.

படி 1: நிழலை அளத்தல்

காலை ஒன்பது, நண்பகல், மாலை மூன்று ஆகிய நேரங்களில் வெயில் தரையில் எங்கே விழுகிறது என்று சுண்ணாம்பால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். ஒரே நாளோடு நிறுத்திவிட வேண்டாம். சென்னையில் சித்திரையின் பிற்பாதியிலிருந்து ஆடி முடியும் வரை நண்பகல் சூரியன் உச்சிக்குச் சற்று வடக்கே நிற்பதால், வீட்டின் வடபுறச் சந்தில் அப்போது நல்ல வெயில் அடிக்கும். மார்கழியில் அதே இடம் முழு நிழலாகிவிடும். வைகாசியில் பார்த்து வெயில் இடம் என்று நம்பினால் ஏமாந்துபோவீர்கள்.

படி 2: மண்ணைத் தோண்டிப் பார்த்தல்

கடப்பாறையால் இரண்டடி ஆழத்துக்கு ஒரு குழி எடுங்கள். தண்டையார்பேட்டை போன்ற கரையோரப் பகுதிகளில் மணல் வரும். பெரம்பூர், கொளத்தூர்ப் பக்கம் களிமண் வரும். இரண்டிலும் செங்கல் துண்டும் சிமென்ட் கட்டியும் கிடைக்க வாய்ப்புண்டு. அவற்றை அகற்றாமல் எந்தச் செடியை வைத்தாலும் வேர் பக்கவாட்டில்தான் ஓடும். பிறகு குழி நிறையத் தண்ணீர் ஊற்றுங்கள். மறுநாளும் தேங்கி நின்றால் அங்கே ஆழ வேரை எதிர்பார்க்க முடியாது, ஏனெனில் நீர் நிறைந்த மண்ணில் காற்று இல்லாமல் வேர் அழுகிவிடும். கழிவுநீர்க் குழாயும் நிலத்தடித் தொட்டியும் எங்கே இருக்கின்றன என்பதையும் இப்போதே கேட்டறிந்து, அவற்றிலிருந்து தள்ளியே குழி எடுங்கள்.

படி 3: செடியைத் தேர்ந்தெடுத்தல்

நாள்தோறும் நான்கு மணி நேரமாவது வெயில் விழும் இடத்துக்குக் கறிவேப்பிலையும் நொச்சியும் பொருந்தும். இரண்டு மணி நேரமே கிடைக்கும் இடத்தில் ஆடாதோடை, மனோரஞ்சிதம், தண்ணீர்விட்டான் கிழங்கு ஆகியவற்றை முயலலாம். இவற்றில் எனக்குப் பிடித்தது தண்ணீர்விட்டான்தான்: கொத்துக் கொத்தாக இறங்கும் அதன் கிழங்குவேர்கள் நீரைச் சேமித்து வைப்பதால் வறட்சியைத் தாங்கும், முள் உண்டு என்பதால் நடைபாதையை ஒட்டி வைக்க வேண்டாம். நந்தியாவட்டையும் நிழலைப் பொறுக்கும், பூ மட்டும் குறையும். வெயிலே விழாத மூலையில் ஆழ வேர் என்னும் ஆசையை விட்டுவிட்டு, மருள் எனும் ஸ்நேக் பிளான்டோ மணி பிளான்டோ வைப்பதே நல்லது.

வெட்டிவேரின் வேர் பத்தடிக்கும் கீழே போகும் என்பதை மட்டும் நம்பி அதை என் வீட்டு நிழல் சந்தில் நட்டேன். அதற்கு முழு வெயில் வேண்டும்; ஓராண்டில் நாலைந்து மெலிந்த தாள்களே மிஞ்சின.

படி 4: கன்றைச் சோதித்தல்

விதையிலிருந்து வளர்ந்த கன்றுக்கே உண்மையான ஆணிவேர் இருக்கும். போத்து, அதாவது வெட்டிய கிளைத்துண்டு, நட்டு வளர்த்ததற்குத் தண்டின் அடியிலிருந்து பல வேர்கள் பிரியும். நர்சரியில் வாங்கும்போது பையின் அடியில் வேர் வளையமாகச் சுருண்டிருந்தால் வாங்காதீர்கள், நிலத்தில் நட்ட பிறகும் அது சுற்றிக்கொண்டேதான் இருக்கும். கறிவேப்பிலைப் பழத்தின் சதையை நீக்கி, விதையைச் சில நாள்களுக்குள் நிலத்திலேயே ஊன்றுவது இன்னும் மேல்.

படி 5: நடுதலும் நீர் விடுதலும்

ஐப்பசி மழையில் சந்து மூழ்குவதற்கு முன்பே வேர் பிடித்துவிடும்படி ஆவணியில் நட்டுவிடுங்கள். முதல் மாதம் ஒருநாள் விட்டு ஒருநாள் நீர் போதும். பின்னர் இடைவெளியைச் சிறிது சிறிதாகக் கூட்டி, விடும்போது ஓரடி ஆழம் நனையுமாறு மெதுவாக விடுங்கள். தினமும் ஒரு குவளை தெளித்தால் வேர் அந்த ஈரத்தைத் தேடி மேலேயே தங்கிவிடும். ஆழ்துளைக் கிணற்று நீர் உப்புக் கரித்தால் குடிநீரையோ சேமித்த மழைநீரையோ பயன்படுத்துங்கள்.