பழைய ஒபிஸ் கொம்பியூட்டருக்குக் கிராஃபிக்ஸ் காட்: வாங்க முதல் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"அண்ணா, ஸ்லொட்டில வடிவா இருந்திட்டுது, படமும் வருது. பிறகேன் எக்ஸ்போர்ட் முந்தியவிட நேரம் எடுக்குது?"

வெள்ளவத்தையில் கலியாண வீடியோ எடிட் செய்யும் தம்பி ஒருவர் என்னிடம் கேட்டது இது. எக்ஸ்போர்ட் என்றால் எடிட் செய்த வீடியோவை முழுக் கோப்பாக எழுதி எடுப்பது. நிறுவனம் ஒன்று கழித்துவிட்ட சின்ன டெல் ஒப்டிபிளெக்ஸ் ஒன்றை வாங்கி, மிச்சம் பிடித்த காசில் பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் ரேடியன் ஆர்எக்ஸ் 6400 கிராஃபிக்ஸ் காட் ஒன்றையும் வாங்கியிருந்தார். இரண்டிலும் பழுது இல்லை. அவருடைய வேலைக்கு அவை இரண்டும் சேரவில்லை, அவ்வளவுதான்.

இந்தக் குழப்பம் வருவதற்குக் காரணம் ஸ்லொட், அதாவது கொம்பியூட்டரின் முதன்மைப் பலகையான மதர்போட்டில் காட்டைச் செருகும் இடம்தான். முன்பு கிராஃபிக்ஸ் காட்டுக்கென இருந்த ஏஜிபி ஸ்லொட் காலத்தில் வோல்டேஜ் மாறினால் காட்டின் வெட்டும் மாறும். பெரும்பாலும் தவறான காட் உள்ளே போகாது. 2004 அளவில் பிசிஐ எக்ஸ்பிரஸ் என்ற புது ஸ்லொட் வந்த பிறகு எல்லாத் தலைமுறைக்கும் ஒரே வடிவம். இன்றைய காட் பத்து வருடப் பழைய மதர்போட்டிலும் இறங்கும். இறங்கிவிட்டதே என்று நம்பிக் காசைக் கொடுத்துவிடுகிறோம்.

முதலில் மின்சாரம். இங்கேதான் பொருளே எரிந்துபோகும் ஆபத்து இருக்கிறது. ஸ்லொட் வழியாக ஒரு காட்டுக்கு அதிகபட்சம் 75 வொட் கிடைக்கும். அதற்கு மேல் தேவையென்றால் பவர் சப்ளையிலிருந்து தனி வயர் வரவேண்டும்: 6 பின் என்றால் இன்னொரு 75 வொட், 8 பின் என்றால் 150 வொட். ஒபிஸ் மெஷின்கள் பலவற்றில் அந்த வயரே இருப்பதில்லை. சரி, பவர் சப்ளையை மாற்றுவோம் என்றால், டெல், எச்பி, லெனோவோ மூன்றிலும் பல மொடல்களில் மதர்போட்டுக்குப் போகும் இணைப்பு வழமையான 24 பின் அல்ல. பெட்டிக்குள் பவர் சப்ளை இருக்கும் இடமும் வேறு அளவு.

அப்போது ஹார்ட் டிஸ்க்குக்குப் போகும் சாட்டா வயரை 8 பின்னாக மாற்றும் மலிவு அடப்டர் ஒன்றைத் தேடிப் போகிறார்கள். தயவுசெய்து அதை வாங்காதீர்கள். சாட்டா இணைப்பில் 12 வோல்ட்டுக்கு மூன்று பின்கள்தான், ஒவ்வொன்றும் 1.5 அம்பியர் தாங்கும். கணக்குப் பார்த்தால் 54 வொட். 150 வொட் வரை இழுக்கக்கூடிய காட்டை அதில் மாட்டினால் பிளாஸ்டிக் உருகும், தீப்பிடிக்கவும் கூடும்.

பவர் சப்ளையிலிருந்து கழற்றி மாட்டும் வயர்களிலும் கவனம் வேண்டும். காட்டுக்குப் போகும் முனை எல்லாவற்றிலும் ஒன்றுதான். ஆனால் பவர் சப்ளைப் பக்க முனைக்குப் பொது ஒழுங்கு கிடையாது. ஒரே கம்பனியின் இரண்டு மொடல்களுக்குள்கூட அது மாறலாம். ஒருமுறை வேறொரு பவர் சப்ளையின் வயரை என்னுடையதில் மாட்டி ஒரு ஹார்ட் டிஸ்க்கை இழந்தேன். அதிலிருந்த வீட்டுப் படங்கள் திரும்பவே இல்லை. அதனால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

பெட்டியின் அளவைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. சின்னப் பெட்டிக்கு லோ ப்ரொஃபைல் எனப்படும் உயரம் குறைந்த காட் வேண்டும். அதன் பின்தகடு ஏறத்தாழ 8 சென்றிமீற்றர், சாதாரண காட்டுக்கு 12. ஸ்லொட்டுக்குப் பக்கத்தில் பவர் சப்ளை நின்றால் தடித்த காட் இறங்காது. அடிமட்டம் ஒன்றோடு பெட்டியைத் திறந்து அளந்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.

தம்பியின் கதைக்கு வருவோம். ஆர்எக்ஸ் 6400 சின்னது, 53 வொட்தான் எடுக்கும், தனி வயர் கேட்காது. ஒப்டிபிளெக்ஸுக்கென்றே செய்தது போல இருக்கும். ஆனால் அது மதர்போட்டோடு பேசுவது நான்கு தரவுப் பாதைகளில் மட்டும். அந்த நான்கும் பிசிஐ எக்ஸ்பிரஸ் 4.0 வேகத்துக்காக அமைந்தவை. அவருடைய பழைய மெஷினில் இருப்பது 3.0, ஆகவே வழி பாதியாகக் குறுகிவிடும். அதைவிட முக்கியமானது, வீடியோவை எச்.264 என்ற வழக்கமான வடிவில் எழுதிக்கொடுக்கும் தனிப் பகுதி இந்தக் காட்டில் இல்லவே இல்லை. அதன் அண்ணன் 6500 எக்ஸ்டியிலும் இல்லை. முன்பு அந்த எழுதும் வேலையைச் செய்தது இன்டெல் சிப்பின் உள்ளேயே இருக்கும் குவிக் சிங்க். காட் போட்டதும் மெஷின் உள் கிராஃபிக்ஸை நிறுத்திவிட்டது. அதனால்தான் எக்ஸ்போர்ட் முந்தியதைவிட மெதுவானது. கேம் விளையாடுபவருக்கு இந்தக் குறை பெரிதாகத் தெரியாது. கலியாண வீடியோ செய்பவருக்கு இதுதான் முழு வேலையும்.

இன்டெல் ஆர்க் காட்களையும் பழைய மெஷினுக்கு வாங்க வேண்டாம். காட்டின் மெமரி முழுவதையும் புரொசெசர் ஒரேயடியாக அணுகவிடும் ரீசைசபிள் பார் என்ற வசதி மதர்போட்டில் இல்லாவிட்டால் அவற்றின் வேகம் மோசமாக விழும். இன்டெல் அவற்றுக்குப் பரிந்துரைப்பது பத்தாம் தலைமுறை இன்டெல் சிப்பும் அதற்குப் பிந்தியவையும்.

அப்புறம் கறுப்புத் திரை. பயோஸ் என்பது தொடக்கத்தில் ஓடும் அடிப்படை மென்பொருள். மெஷினின் பயோஸும் காட்டின் பயோஸும் ஒரே மொழி பேசவேண்டும். யூஇஎஃப்ஐ என்ற புதிய தொடக்க முறை தெரியாத பழைய காட்டை, பழைய தொடக்க முறையை மூடிவைத்த புது மெஷினில் போட்டால் தொடக்கத்தில் படமே வராது. என்விடியாவின் ஜிடிஎக்ஸ் 900, 1000 வரிசைக் காட்கள் சிலவற்றில் டிஸ்பிளேபோட் 1.3 அல்லது 1.4 மொனிட்டரை மாட்டினால் விண்டோஸ் வரும்வரை திரை கறுப்பாகவே நிற்கும். அதற்கென என்விடியா ஒரு திருத்தத்தை வெளியிட்டிருக்கிறது. காட் செத்துவிட்டது என்று விற்பதற்கு முதல் எச்டிஎம்ஐ வயரில் போட்டுப் பாருங்கள்.

மெக் வைத்திருப்பவர்களுக்கும் ஒன்று. 2010, 2012 மெக் ப்ரோவில் சாதாரண காட்கள் பல ஓடும், ஆனால் ஆப்பிளுக்கான பயோஸ் இல்லாவிட்டால் தொடக்கத் திரை வராது. மொஹாவி என்ற மெக்ஓஎஸ் பதிப்புக்கு, ஆப்பிளின் கிராஃபிக்ஸ் முறையான மெட்டலை ஆதரிக்கும் காட் கட்டாயம். அதில் ஜிடிஎக்ஸ் 900, 1000 வரிசைகளுக்கு டிரைவர் இல்லை. 2023 மெக் ப்ரோவில் ஸ்லொட்டுகள் இருந்தாலும் கிராஃபிக்ஸ் காட் எதுவும் அதில் வேலை செய்யாது.

தம்பியிடம் காட்டைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லவில்லை. பயோஸுக்குள் போய், காட் இருக்கும்போதும் உள் கிராஃபிக்ஸ் இயங்கும்படி மாற்றினோம். டிரைவரைப் போட்டு, எடிட் செய்யும் பிரீமியர் மென்பொருளில் குவிக் சிங்க்கைத் தெரிவுசெய்ததும் எக்ஸ்போர்ட் பழைய வேகத்துக்கு வந்துவிட்டது. அடுத்த காட் வாங்கும்போது தனி வயர் கேட்காத லோ ப்ரொஃபைல் ஜிடிஎக்ஸ் 1650 ஒன்றைப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். பெட்டியின் உள்பக்கத்தையும் பவர் சப்ளையின் லேபிளையும் இப்போதே ஃபோனில் படம் எடுத்து வைத்துவிட்டார்.