சார்டினியாவின் கிழக்குக் கரையில் ஆறு நாள்: முதல்முறை சைக்கிளில் போகிறவர்களுக்கு

இத்தாலியின் சார்டினியாத் தீவில், வடக்கே உள்ள ஓல்பியா துறைமுகத்தில் இறங்கி, எஸ்எஸ்125 என்ற பழைய கிழக்குக் கரைச் சாலை வழியே தெற்கே காலியாரி நகரம் வரை. மே அல்லது செப்டம்பர் கடைசி நல்லது. ஆகஸ்டில் வெயிலும் கார்களும் சேர்ந்து வதைக்கும்.

1. திசை: வடக்கிலிருந்து தெற்கே போங்கள். அங்கே அடிக்கடி வீசும் மயெஸ்த்ராலே வடமேற்குக் காற்று. பெரும்பாலும் முதுகைத் தள்ளிவிடும். ஒரே குறை, இத்தாலியில் வலப்பக்கம் ஓட்டுவதால் கடல், சாலையின் எதிர்ப்புறம் போய்விடும். கடலா காற்றா என்றால் என் ஓட்டு காற்றுக்கே.

2. சைக்கிள்: முன் பற்சக்கரத்தில் 30 பல், பின்னால் பெரிய பற்சக்கரத்தில் 36 பல் இருந்தால் சுமையோடு ஏறலாம். மூட்டை கேரியரில்தான், முதுகுப்பை வேண்டவே வேண்டாம்.

3. தோர்காலி முதல் பவுனேய் வரை: நான் மாட்டிக்கொண்டது இங்கேதான். தோர்காலி சுமார் 400 மீட்டர் உயரம். ஜென்னா சிலானா கணவாய் 1,017 மீட்டர். ஏற்றம் செங்குத்தில்லை, ஆனால் முடியவே மாட்டேன் என்கிறது. மதியம் ஒன்றே காலுக்குத் தோர்காலி போய்ச் சேர்ந்தேன். கடைகளெல்லாம் ஷட்டர் இறக்கியாயிற்று, இனி மாலைதான். கையில் அரை பாட்டில் தண்ணீர். வழியில் ஒரு பெட்டிக்கடையாவது இல்லாமலா போகும் என்று நம்மூர் நினைப்பில் ஏறினேன். பவுனேய் வரை சாலையோரம் ஓர் ஊர்கூடக் கிடையாது. கணவாய்க்கு முன்பே கால் பிடித்துக்கொண்டது. வேனில் வந்த ஒரு தம்பதி தண்ணீர் கொடுக்காவிட்டால் அங்கேயே உட்கார்ந்திருப்பேன்.

ஆகவே முந்தின இரவு தோர்காலியில் தங்குங்கள். மாலையே 3 லிட்டர் தண்ணீர், பாலாடைக்கட்டி, பானே கரசாவு வாங்கிவிடுங்கள். அப்பளம் போல மெல்லிய ரொட்டி அது. நாள்கணக்கில் கெடாது, பையில் நொறுங்கும், பரவாயில்லை. காலை 7 மணிக்குள் கிளம்புங்கள்.

4. அப்புறம் சாந்தா மரியா நவர்ரேசே வரை இறக்கம். பிரேக் கட்டையைப் பார்த்துக்கொள்ளுங்கள். முரவேரா, வில்லாசிமியுஸ், காலியாரி எல்லாம் தானாக வரும்.

பின்சேர்க்கை: முரவேராவுக்கு முன்னால் வரும் தெர்தெனியா என்ற ஊருக்குத் தெற்கே கைபேசி வரைபடம் புதிய சாலைக்கு இழுத்துவிட்டதாக இருவர் எழுதியிருந்தார்கள். அது சுரங்கப்பாதைகள் உள்ள வேகச்சாலை. பழைய சாலையில் இரண்டு மூன்று இடங்களை வரைபடத்தில் முன்பே குறித்துவையுங்கள். சுரங்கத்துக்குள் சைக்கிள்காரர் ஒளிரும் சட்டை போடவேண்டும் என்பது இத்தாலியச் சட்டம், பகலிலும்தான். அதை மூட்டைக்கு அடியில் வைக்காதீர்கள்.