டேக்கியோன்: புதிதாகக் கற்பவர்கள் சறுக்கும் இடங்கள்

கொரியா என்றதும் டேக்வாண்டோதான் நினைவுக்கு வரும். டேக்கியோன் என்ற இன்னொரு கொரியத் தற்காப்புக் கலையை அதன் பழைய வடிவம் என்று நினைத்துக்கொண்டு கற்க வருபவர்கள் அதிகம். முதல் தவறே அதுதான். டேக்வாண்டோ என்ற பெயர் 1955-இல்தான் வந்தது. அதை உருவாக்கியவர்களில் பலர் கராத்தே பயின்றவர்கள். டேக்கியோனோ கொரியாவை ஜோசன் அரச மரபு ஆண்ட காலத்துத் திருவிழாக்களில் ஊரார் ஆடிய ஆட்டம். ஜப்பானிய ஆட்சியில் மங்கிப்போனதை அடுத்த தலைமுறைக்குக் கொண்டுவந்து சேர்த்தவர் சோங் டொக்-கி (1893–1987).

கராத்தே பழகிய உடம்போடு வருபவர்கள்தான் கூடுதலாகத் திணறுகிறார்கள். முஷ்டியை இறுக்கி, இடுப்பை விறைத்துக்கொண்டு நிற்பார்கள். போட்டியில் குத்துக்கு இடமே கிடையாது. கை தள்ளவும் பிடிக்கவும்தான்.

இதைவிடப் பெரிய தவறு, காலடிப் பயிற்சியில் பொறுமை இழப்பது. பும்பப்கி என்று அதற்குப் பெயர். தரையில் ஒரு முக்கோணம் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு காலை முன்முனைக்குக் கொண்டுபோய், முழங்காலை மடக்கி, இடுப்பை லேசாக முன்னே தள்ள வேண்டும். பிறகு அதைப் பின்வாங்கி, மற்ற காலை முன்னே வைக்க வேண்டும். பார்ப்பவருக்கு நடனம்போலத் தெரியும். சலித்துப்போய் உயர உதைக்கும் வித்தைக்குத் தாவுபவர்கள்தான் சீக்கிரம் கீழே விழுகிறார்கள். உதை எந்த நொடியில் கிளம்பும் என்று எதிராளிக்குத் தெரியாமல் வைப்பது இந்த அசைவுதான். ‘இக்’, ‘எக்’ என்று எழுப்பும் குரலும் அதோடு சேர்ந்தது. கூச்சப்பட்டு வாயை மூடிக்கொண்டால் மூச்சு தாளம் தப்பும்.

உதையில் முரட்டு பலம் காட்டுவதும் கூடாது. எதிராளியைக் கீழே விழவைத்தால் வெற்றி. முகத்தில் உதை பட்டாலும் வெற்றி. எலும்பு முறிவது நோக்கமே இல்லை. அதனால் உடம்பில் படும் உதை இடிப்பதைவிடத் தள்ளுவதுபோல இருக்க வேண்டும். அடிக்குப் பயந்து எட்டி நிற்பதும் செல்லாது. ஒரு காலை எதிராளிக்கு எட்டும் தூரத்தில் நீட்டி வைக்க வேண்டும் என்பது வழக்கம்.

அப்புறம், யூடியூபைப் பார்த்துத் தனியாகப் பழகுவது. அசைவை நகலெடுத்துவிடலாம், ஆனால் இன்னொருவர் காலைத் தட்டிவிடும்போது எடையை எங்கே மாற்றுவது என்பது ஆள் இல்லாமல் பிடிபடாது. கொரியாவிலேயே பல சங்கங்கள் இருக்கின்றன. விதிகளும் கொஞ்சம் மாறும். சேரும்போதே எந்த மரபு என்று ஆசிரியரிடம் கேட்டுவிடுங்கள்.