ரன், செட்: இரண்டு குட்டிச் சொற்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய வண்ணாரப்பேட்டையில் நான் எடுக்கும் மாலை வகுப்புக்கு வருபவர்கள் பெரும்பாலும் வேலைக்குப் போகிறவர்கள். கன்டெய்னர் யார்டில் கணக்கு எழுதுபவர், எம்.சி. ரோடு துணிக்கடையில் பில் போடுபவர், மணலிப் பக்கம் ஷிஃப்ட் பார்ப்பவர், காசிமேட்டில் மீன் ஏற்றுமதி வேலையில் இருப்பவர். ஆங்கிலம் இவர்களுக்குப் பரீட்சைப் பாடம் இல்லை. சூப்பர்வைசர் வாட்ஸ்அப்பில் அனுப்பும் ஒற்றை வரிதான் இவர்களுடைய ஆங்கிலம். அதைத் தப்பாகப் புரிந்துகொண்டால் சம்பளத்தில் கைவைப்பார்கள்.

அந்த வரிகளில் பெரிய சொற்கள் இவர்களைக் கவிழ்ப்பதில்லை. டாகுமென்டேஷன், கிளியரன்ஸ் எல்லாம் தண்ணீர் பட்ட பாடு. கவிழ்ப்பவை மூன்றே எழுத்துள்ள ரன்னும் செட்டும்தான். ஒவ்வொரு முறை புது ஆட்கள் சேரும்போதும் அதே தவறுகளைப் பார்க்கிறேன். உச்சரிப்பு, ஸ்பெல்லிங் போன்றவற்றை இங்கே விட்டுவிடுகிறேன். அவை பழகப் பழகச் சரியாகிவிடும். தானாகச் சரியாகாதவற்றை மட்டும் சொல்கிறேன்.

எதற்கு அர்த்தம் அதிகம் என்று போட்டி வைப்பது

"ஆங்கிலத்திலேயே அதிக அர்த்தம் உள்ள சொல் செட், 430 அர்த்தம்" என்று ஒருவர் சொல்வார். "இல்லை, ரன்தான், 645" என்பார் இன்னொருவர். இரண்டு எண்ணும் ஆக்ஸ்போர்டு பேரகராதியிலிருந்து வந்தவைதான். ஆனால் ஒரே காலத்து எண்கள் இல்லை. 1989-இல் 20 தொகுதிகளாக வந்த இரண்டாம் பதிப்பில் செட் முன்னால் நின்றது. மூன்றாம் பதிப்புக்கான திருத்த வேலையை 'எம்' (M) என்ற ஆங்கில எழுத்திலிருந்து தொடங்கி 2000 முதல் வெளியிட்டுவந்தார்கள். 2011 வாக்கில் ரன் திருத்தப்பட்டபோது அதன் வினைப் பொருள்கள் மட்டுமே 645 ஆயின. புதிதாக எண்ணிய ஒன்றையும் பழைய கணக்கில் இருந்த ஒன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துத்தான் அன்று எல்லாரும் தீர்ப்புச் சொன்னார்கள். அதோடு, எங்கே ஓர் அர்த்தம் முடிந்து அடுத்தது தொடங்குகிறது என்று கோடு கிழிப்பது அகராதிக்கு அகராதி மாறும். அந்த எண்ணை மனப்பாடம் செய்வதால் நமக்கு ஒரு வாக்கியம்கூடப் புரியப்போவதில்லை.

செட் என்றால் அமை, ரன் என்றால் ஓடு

இப்படித்தான் கைடுகளில் போட்டிருக்கிறார்கள். செட்டுக்கு 'அமை'யைவிட நம் 'வை' எவ்வளவோ நெருக்கம். அலாரம் வை, பொறி வை, தீ வை, விலை வை, பரீட்சை வை: இத்தனைக்கும் ஆங்கிலத்தில் செட் வரும். காரணமும் உண்டு. செட் என்ற வினை பழைய ஆங்கிலத்தில் சிட் என்பதன் பிறவினை. 'அமர்', 'அமர்த்து' என்று நாம் சொல்வதுபோல. ஒன்றை ஓர் இடத்திலோ நிலையிலோ நிறுத்திவைப்பதுதான் அதன் வேர். தயிர் உறைவதும் முறிந்த எலும்பைச் சேர்த்துக் கட்டுவதும் அங்கிருந்து கிளைத்தவையே. கூட்டம், தொகுப்பு என்ற பொருளில் வரும் செட்டின் பூர்வீகம் கொஞ்சம் வேறு. அதில் லத்தீனின் 'செக்டா' பழைய பிரெஞ்சு வழியாக வந்து கலந்திருக்கிறது. அதனால்தான் டீ கப் செட்டையும் சூரியன் செட் ஆவதையும் ஒரே கயிற்றில் கட்டப் பார்த்தால் முடிவதில்லை.

ரன்னுக்கு வருவோம். தமிழில் 'மெஷின் ஓடுது', 'மெஷினை ஓட்டுறான்' என்று இரண்டாகப் பிரித்துச் சொல்கிறோம். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ரன் ஒன்றே. கடையை ரன் பண்ணினால் அது 'நடத்து'. ஆகவே ரன்னைப் பார்த்ததும் முதலில் பார்க்க வேண்டியது பின்னால் 'எதை' என்று சொல்லும் சொல் வருகிறதா என்பதை. வந்தால் பெரும்பாலும் ஓட்டு அல்லது நடத்து, வராவிட்டால் ஓடு. 'படம் ஓடுது', 'வண்டி ஓடுது', 'மனசுல என்ன ஓடுது' எல்லாவற்றிலும் நம் ஓடுவும் அவர்கள் ரன்னும் கைகோத்துப் போகின்றன. மூக்கு மட்டும் நமக்கு ஒழுகும், அவர்களுக்கு ரன் ஆகும்.

ஒரு கடையை செட் அப் செய்தவர் கடை வைத்தவர். ரன் செய்பவர் கடை நடத்துகிறவர். வைத்தவரும் நடத்துகிறவரும் வேறு வேறு ஆளாக இருக்கலாம். கடிதத்தில் யாரைக் கேட்கிறார்கள் என்று பார்த்துப் பதில் எழுதுங்கள்.

குட்டிச் சொல்லைத் தனியாகப் பிரித்துப் படிப்பது

என்னை இன்றும் எரிச்சல்படுத்துவது இந்தத் தவறுதான்.

என் வகுப்புக்கு வந்த ஒரு தம்பி மீன் குளிர்கிடங்கில் நைட் டியூட்டி பார்த்துக்கொண்டிருந்தான். மைனஸ் 18 டிகிரியில் இறால் பெட்டிகள் அடுக்கியிருக்கும் அறை. கதவு சரியாக மூடாவிட்டால் அலாரம் அடிக்கும், வெளியூரில் இருக்கும் மேனேஜரின் போனுக்கும் தகவல் போகும். ஒரு நாள் நள்ளிரவு தாண்டி மேனேஜரிடமிருந்து செய்தி: "டோர் சென்சார் செட் ஆஃப் தி அலாரம் அட் டூ. ப்ளீஸ் செக்."

தம்பிக்கு செட் தெரியும், ஆஃப்பும் தெரியும். இரண்டையும் கூட்டினான். இரண்டு மணிக்கு சென்சார் அலாரத்தை ஆஃப்பில் வைத்துவிட்டது என்று முடிவுக்கு வந்தான். நேரே சுவிட்ச் பலகைக்குப் போனான். அலாரம் ஆனில்தான் இருந்தது. நிம்மதியாகி "நௌ ஆன் சார்" என்று பதில் போட்டான். கதவைச் சரிசெய்துவிட்டு, அலாரத்தையும் மறுபடி வைத்துவிட்டான் போல என்று மேனேஜர் நினைத்துக்கொண்டார். இரண்டு பேரும் திருப்தியாக இருக்க, கதவு ஒரு விரல்கடை திறந்தபடியே விடிந்தது. கதவோரப் பெட்டிகளில் இறால் இளகிவிட்டது. ஒருமுறை இளகியதைத் திரும்ப உறையவைத்தால் சதை கெட்டுப்போகும், ஏற்றுமதிக்கு எடுக்க மாட்டார்கள். நட்டத்தில் ஒரு பங்கை மாதாமாதம் அவன் சம்பளத்தில் பிடித்தார்கள்.

செட் ஆஃப் என்றால் தூண்டிவிடுவது. சென்சார் அலாரத்தை அடிக்கவைத்திருக்கிறது. அதாவது கதவைப் போய்ப் பார். அவன் புரிந்துகொண்டதற்கு நேர் எதிர்.

அந்தத் தம்பி மேல் எனக்குக் கோபமே இல்லை. அவனுக்குப் படிப்பில் அக்கறை இருந்தது. இதற்கு முன்னால் போன ஒரு பயிற்சி மையத்தில் கொடுத்த ஜெராக்ஸ் தாளை மடித்துப் பத்திரமாக வைத்திருந்தான். செட்டுக்கு ஒரு பத்தி, ரன்னுக்கு ஒரு பத்தி, எதிரெதிரே அர்த்தங்கள். எல்லாம் மனப்பாடம். அந்தத் தாளில் ஒரு வாக்கியம்கூட இல்லை. இப்படி ஒரு தாளைக் கையில் கொடுத்துக் காசு வாங்குகிறவர்கள் மேல்தான் கோபம். உழைத்துப் படிக்கிற பிள்ளையை அந்தத் தாள் ஏமாற்றிவிட்டது.

நம் பேச்சை எடுத்துக்கொள்ளுங்கள். வெயில் அடிக்குது, ஆணி அடி, போன் அடி, காப்பி அடி, கோல் அடி. வியாசர்பாடியில் பந்து ஆடுகிற பையன் எவனும் அடிக்கு இத்தனை அர்த்தம் என்று பட்டியல் போட்டுப் படித்ததில்லை. முன்னால் நிற்கும் சொல்லே அர்த்தத்தைச் சொல்லிவிடுகிறது. ஆங்கிலத்திலும் அதுதான் வழி, ஆனால் அங்கே பின்னால் பார்க்க வேண்டும்.

'வீ செட் ஆஃப் அட் ஃபைவ்' என்றால் ஐந்து மணிக்குக் கிளம்பினோம். பின்னால் அலாரமோ பட்டாசோ வந்தால் அடிக்கவோ வெடிக்கவோ வைப்பது. கணக்கு வழக்கில் ஒரு நட்டத்தை இன்னொரு லாபத்துக்கு எதிராக செட் ஆஃப் செய்தால் கழித்து நேர்செய்வது. வருமான வரிக் கணக்கு பார்ப்பவர்கள் வாயில் இது தினமும் வரும். ரன்னும் இப்படித்தான். ஒரு நண்பரை 'ரேன் இன்டு' என்றால் எதிர்பாராமல் பார்த்தார். ஒரு லாரியை 'ரேன் இன்டு' என்றால் போய் மோதினார். 'ரன் அவுட் ஆஃப் ஐஸ்' என்றால் ஐஸ் தீர்ந்துவிட்டது. கிரிக்கெட் ரன் அவுட்டுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

ஆஃப் வந்தாலே நின்றுபோய்விட்டது என்று எண்ணவே கூடாது. 'வென்ட் ஆஃப்' ஒன்றையே பாருங்கள்: கரன்ட் என்றால் போய்விட்டது, பால் என்றால் கெட்டுவிட்டது, அலாரம் என்றால் அடித்தது.

வகுப்பில் நான் செய்யவைக்கும் பயிற்சி எளிமையானது. வாக்கியத்தில் செட்டையும் ரன்னையும் விரலால் மறைத்துவிட்டு மிச்சத்தைப் படிக்கச் சொல்வேன். கதவு சென்சார், அலாரம், இரண்டு மணி, போய்ப் பார். ஒரு சென்சார் அலாரத்தை என்ன செய்யும்? அடிக்கவைக்கும். அதற்குப் பிறகு விரலை எடுக்கலாம். நோட்டில் எழுதுவதாக இருந்தால் முழு வாக்கியமாக, உங்கள் வேலையில் வந்த வாக்கியமாக எழுதுங்கள்.

நம்ம ஊர் செட்டை நம்புவது

'சிமென்ட் செட் ஆயிடுச்சு' என்று மேஸ்திரி சொல்வது அசல் ஆங்கிலப் பொருள்தான். 'இந்த வேலை எனக்கு செட் ஆவல' என்பது நாமே உண்டாக்கியது. ஆங்கிலக் கடிதத்தில் அதை எழுதினால் படிப்பவருக்குப் புரியாது. அங்கே 'சூட்' போடுங்கள்.

தேர்தல்

அமெரிக்கர் ரன் செய்வார், பிரிட்டிஷ்காரர் ஸ்டாண்ட் செய்வார், இரண்டும் நாம் சொல்லும் 'நிற்கிறார்'தான்.

இறந்தகாலம்

ரன்னுக்கு ரேன் இருக்கிறது. செட்டுக்கு மாற்றமே இல்லை. 'ஹி செட்ஸ் தி ரேட்' என்றால் ரேட் வைப்பது அவர் வழக்கம். கடைசி எஸ் இல்லாமல் 'ஹி செட் தி ரேட்' என்று இருந்தால் ரேட் வைத்து முடித்தாகிவிட்டது. முதல் வரி வந்தால் அவரிடம் பேரம் பேச இன்னும் நேரம் இருக்கலாம். இரண்டாவது வந்தால் அந்த ரேட்டைப் போட்டே பில்லை எழுதுங்கள்.