அதிபர் நூலக ஃபெலோஷிப்: விண்ணப்பம் எங்கே சறுக்குகிறது?

அமெரிக்க அதிபர் நூலகம் என்றதும் புத்தக அலமாரிகளை நினைக்காதீர்கள். உள்ளே பெட்டி பெட்டியாக இருப்பவை வெள்ளை மாளிகைக் கோப்புகள். நூலகத்தை நடத்துவது தேசிய ஆவணக் காப்பகம். அங்கே போய்ப் படிக்க உதவித்தொகை தருவது பெரும்பாலும் அதனோடு சேர்ந்த தனி அறக்கட்டளை. பணத்தைப் பற்றி நூலகத்தின் ஆவணக் காப்பாளரிடம் கேட்டுப் பயனில்லை.

பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு: தலைப்பை விளக்குவார்கள், பெட்டியைச் சொல்லமாட்டார்கள். 1960களில் அதிபராக இருந்த லிண்டன் ஜான்சனின் நூலகம் டெக்சஸில் உள்ள ஆஸ்டினில் இருக்கிறது. ‘ஜான்சன் காலத்து இந்திய–அமெரிக்க உறவு’ என்று நான்கு பக்கம் எழுதினாலும், இதற்கு ஏன் ஆஸ்டினுக்கு வரவேண்டும் என்றுதான் தேர்வுக் குழு யோசிக்கும். 1965 நவம்பரில் நம் உணவு அமைச்சர் சி. சுப்பிரமணியம் ரோமில் அமெரிக்க வேளாண் அமைச்சர் ஆர்வில் ஃப்ரீமனைச் சந்தித்துப் பேசினார். அந்தப் பேச்சை வெள்ளை மாளிகை எப்படிப் பார்த்தது என்று கேளுங்கள். தேசியப் பாதுகாப்புக் கோப்புகளில் இந்தியா பகுதியின் எந்தெந்தப் பெட்டிகள் வேண்டும் என்று எண்ணோடு எழுதுங்கள். எண்கள் நூலகத் தளத்தின் ஆவணப் பட்டியலில் இருக்கும். கூடவே, இணையத்தில் ஏற்கெனவே உள்ளதைப் பார்க்கப் பணம் கேட்காதீர்கள். ஜான்சனின் தொலைபேசி உரையாடல்களை வீட்டிலிருந்தே கேட்கலாமே!

அப்புறம், திறக்காத பெட்டி. ரீகனும் அவருக்குப் பின் வந்த அதிபர்களும் விட்டுச்சென்ற கோப்புகள் 1978ஆம் ஆண்டு அதிபர் ஆவணச் சட்டத்துக்கு உட்பட்டவை. பதவி முடிந்து 5 ஆண்டுகள் கழித்துத்தான் பொதுமக்கள் கேட்க முடியும். சில வகைகளுக்கு 12 ஆண்டுகள் வரை தடை போடலாம். அதற்குப் பிறகும் காப்பாளர்கள் பக்கம் பக்கமாகப் பார்த்துத்தான் வெளியிடுவார்கள். கோரிக்கை வைத்தவர்கள் ஆண்டுக்கணக்கில் காத்திருக்கிறார்கள்; உங்கள் உதவித்தொகை அதுவரை காத்திருக்காது. அதனால் விண்ணப்பிக்கும் முன்பே காப்பாளருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பி, எது திறந்திருக்கிறது என்று கேட்டுவிடுங்கள். அவர் சொன்னதை விண்ணப்பத்தில் ஒரு வரி சேர்த்தால் எடை கூடும்.

ஊரையும் சரிபாருங்கள். மிச்சிகன் மாநிலத்தில் அதிபர் ஃபோர்டின் அருங்காட்சியகம் கிராண்ட் ராப்பிட்ஸில், ஆவணங்களோ ஆன் ஆர்பரில். நடுவே காரில் இரண்டு மணி நேரம். ஒபாமா ஆவணங்களுக்கென்று சிகாகோவில் வாசிப்பறையே கிடையாது.

பட்ஜெட் போடும்போது சனி, ஞாயிறை வேலை நாளாக எண்ணாதீர்கள். அறைக்கு வாடகை மட்டும் அந்த இரண்டு நாளும் ஓடும்.