மூன்று நாளில் கடலும் மலையும்: பெங்களூரிலிருந்து கிளம்பும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோடை விடுமுறையில் பெங்களூர்த் தமிழ்க் குடும்பங்கள் காரை எடுத்தால் ஒன்று சொந்த ஊருக்கு, இல்லையென்றால் ஊட்டிக்கு. மேற்கே போய்ப் பாருங்கள் என்பேன். மங்களூரு, உடுப்பி, மரவந்தே என்று கடலோரம் பார்த்துவிட்டு ஆகும்பே, சிருங்கேரி, சிக்கமகளூரு வழியாகத் திரும்புவதற்கு மூன்று நாள் போதும். ஆனால் திட்டம் போடும்போது பலரும் கிலோமீட்டரைத்தான் பார்க்கிறார்கள், நடுவில் இருக்கும் மலைப்பாதையைப் பார்ப்பதில்லை.

மங்களூரு சுமார் 350 கிலோமீட்டர். ஆறு மணி நேரம்தானே என்று வெள்ளிக்கிழமை அலுவலகம் முடித்துக் கிளம்பினால், நெலமங்கலாவைத் தாண்டுவதற்குள்ளேயே பாதிப் பொறுமை போய்விடும். சக்லேஷ்பூர் தாண்டி ஷிராடி மலைப்பாதையில் இறங்கும்போது நள்ளிரவு ஆகியிருக்கும். முன்னால் டேங்கர் லாரிகள், ஓட்டுகிறவர் கண்ணில் தூக்கம். தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். சனிக்கிழமை விடியும் முன் கிளம்புங்கள். ஏப்ரல், மே மாதங்களில் மலைநாட்டில் இடிமழை பெரும்பாலும் பிற்பகலுக்கு மேல்தான் பிடிக்கும், அதற்குள் கீழே இறங்கிவிடலாம்.

இறக்கத்தில் பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுவது மிக ஆபத்தான பழக்கம். அப்போது வண்டியின் முழு வேகத்தையும் பிரேக்தான் தாங்க வேண்டும். தொடர்ந்து மிதித்தால் பிரேக் பேட் சூடாகி, பிரேக் ஆயில் கொதித்து, பெடல் மெத்தென்று உள்ளே போகும், வண்டி நிற்காது. எந்த கியரில் அந்த மேட்டை ஏறுவீர்களோ அதே கியரில் இறங்குங்கள். ஆட்டோமேட்டிக் வண்டியில் ‘எல்’ அல்லது மேனுவல் நிலைக்கு மாற்றுங்கள். கருகும் வாடை வந்தால், அகலமான இடமாகப் பார்த்து நிறுத்தி ஆறவிடுங்கள், சக்கரத்தில் தண்ணீர் ஊற்றாதீர்கள். ஆகும்பேயில் கொண்டை ஊசி வளைவுகள் நெருக்கமாக வரும். அங்கே நீங்கள் ஏறுகிறீர்கள், ஏறும் வண்டிக்குத்தான் முன்னுரிமை. அதற்காக வளைவில் முந்தப் பார்க்கக் கூடாது. குழந்தைகளுக்கு வயிறு முட்டச் சாப்பாடு கொடுத்த கையோடு ஏறவும் வேண்டாம்.

அடுத்தது, பேராசை. உடுப்பி வரை வந்தாச்சு, முருடேஸ்வரமும் கொல்லூர் மூகாம்பிகையும் பார்த்துவிடலாமே என்று தோன்றும். முருடேஸ்வரம் போய்வரவே சுமார் 200 கிலோமீட்டர். இரண்டில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். என்னைக் கேட்டால் கொல்லூர்தான், போகும் வழியில் மரவந்தேயும் கிடைக்கும். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் சௌபர்ணிகை ஆறு, நடுவில் நெடுஞ்சாலை. அங்கே அரை மணி நேரமாவது இறங்கி நிற்க வேண்டாமா?

கடற்கரைக்குக் காலையிலோ மாலையிலோ போங்கள், நடுப்பகல் புழுக்கம் ஆளைச் சாய்த்துவிடும். மே கடைசியில் போகிறவர்கள் மல்பேயிலிருந்து செயின்ட் மேரீஸ் தீவுக்குப் படகு ஓடுகிறதா என்று முன்பே விசாரியுங்கள். மழைக்காலத்தில் அது நின்றுவிடும், அலையும் சீறும். உயிர்காப்பாளர் இறங்காதே என்றால் கால்கூட நனைக்காதீர்கள்.

சரி, மலை என்றால் ஊட்டிதான் என்று வீட்டில் முடிவானால், முதலில் இ-பாஸ், அதாவது வண்டிக்கான இணைய அனுமதிச் சீட்டு எடுங்கள். 2025 கோடையில் நீலகிரிக்கு வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டிகள் என்று சென்னை உயர் நீதிமன்றம் வரம்பு வைத்தது. பந்திப்பூர்ச் சாலை இரவு 9 முதல் காலை 6 வரை மூடியிருக்கும். திரும்பும்போது அதற்குள் தாண்ட முடியாது என்று தெரிந்தால், விரட்டாமல் கூடலூரிலேயே அறை எடுத்துத் தங்கிவிடுங்கள்.